தையலறையில் பிறந்த மொழி

றிஸ்மினாவுக்குக் காது கேளாது என்பது ஒரு சட்டி விழுந்தபோதுதான் அவளுடைய உம்மாவுக்குத் தெரியவந்தது. மன்னார் தீவில், எருக்கலம்பிட்டி வீட்டின் அடுப்படியில், உம்மாவின் கை தவறிப் பெரிய அலுமினியச் சட்டியொன்று சீமெந்துத் தரையில் விழுந்தது. பக்கத்து வீட்டுக்காரி ஓடிவந்து எட்டிப் பார்க்கிற அளவுக்குச் சத்தம். இரண்டு முழத் தூரத்தில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்த ஒன்றரை வயதுக் குழந்தை மட்டும் திரும்பவில்லை. உம்மா சட்டியை எடுத்து இன்னொரு தடவை வேண்டுமென்றே போட்டார். குழந்தை தன் பாட்டுக்குப் பனங்கொட்டையை உருட்டிக்கொண்டிருந்தது. உம்மா அதே இடத்தில் உட்கார்ந்து அழுதார்.

அந்தக் குழந்தைக்கு ஐந்து வயதானபோது, தொண்ணூறாம் ஆண்டு ஒக்டோபரில், வடக்கு முஸ்லிம்கள் எல்லோரும் ஊரை விட்டுப் போக வேண்டும் என்று ஆயுத இயக்கத்திடமிருந்து கட்டளை வந்தது. றிஸ்மினாவின் குடும்பமும் கடற்கரையில் காத்துக் கிடந்து, கிடைத்த வள்ளத்தில் ஏறிக் கற்பிட்டிக்கு வந்தது. பெரியவர்கள் அழுதார்கள், கத்தினார்கள், துஆ ஓதினார்கள். என்ன நடக்கிறது என்று தெரியாமல் வள்ளத்தில் இருந்தது றிஸ்மினா ஒருத்திதான். அவள் உம்மாவின் முந்தானையை இழுத்தாள், வாப்பாவின் தாடையைத் திருப்பினாள். யாருக்கும் அவளிடம் சொல்ல வழியும் இல்லை, மனமும் இல்லை.

அவளுடைய ராத்தா மர்ளியாவுக்கு அப்போது எட்டு வயது. தங்கச்சி படுகிற பாட்டைப் பார்த்துவிட்டு அவள் எதிரில் வந்து உட்கார்ந்தாள். பின்னால் மறைந்துகொண்டிருந்த கரையைக் காட்டினாள். இரண்டு உள்ளங்கைகளையும் கதவு சாத்துவதுபோல் சேர்த்தாள். தன் நெஞ்சைத் தொட்டாள், தங்கச்சியின் நெஞ்சைத் தொட்டாள், பிறகு முன்னால் இருந்த வெறுங்கடலைக் காட்டினாள். றிஸ்மினா கொஞ்ச நேரம் அவளையே பார்த்தாள். பிறகு தானும் கரையைக் காட்டி, கதவைச் சாத்தி, இரண்டு நெஞ்சையும் தொட்டு, கடலைக் காட்டினாள். கடைசியில், ராத்தா செய்யாத ஒன்றைச் சேர்த்தாள்: இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கிக் கழுதைக் காது போல் ஆட்டினாள். வீட்டு வாசலில் எப்போதும் நிற்கிற கழுதை எங்கே, அது வரவில்லையா என்று கேட்டாள்.

"அண்டைக்குத்தான் நாங்க ரெண்டு பேரும் கதைக்கத் தொடங்கின," என்று மர்ளியா இன்றும் சொல்வாள். "அதுக்கு முந்தி நான் காட்டுவன், அவ பாத்துக்கொண்டு இருப்பா. அண்டைக்குத்தான் அவ திருப்பிக் கேட்டா."

கழுதைக் காது அவர்கள் இருவருக்கும் மன்னார் என்ற ஊரின் பெயராகிவிட்டது.

புத்தளத்துக் கரைத்தீவுப் பக்கம், கடற்களப்பை ஒட்டியிருந்த ஓலைக் குடிசைகளில் அவர்கள் வளர்ந்தார்கள். றிஸ்மினாவை ஒரு பள்ளிக்கூடத்தில் சேர்த்தார்கள். இரண்டு வருடம் பின் வாங்கில் உட்கார்ந்து, கரும்பலகையில் இருந்ததை ஓவியம்போல் பார்த்து எழுதினாள். எழுத்து முத்துமுத்தாக இருக்கும், ஆனால் என்ன எழுதியிருக்கிறோம் என்று அவளுக்குத் தெரியாது. பிறகு நின்றுவிட்டாள். காது கேளாத பிள்ளைகளுக்கான பள்ளிக்கூடம் தூரத்து ஊரில் இருந்தது. பெண்பிள்ளையை அவ்வளவு தூரம் விட வாப்பாவுக்கு மனம் வரவில்லை.

வீட்டில் உம்மாவுக்குப் பத்துப் பன்னிரண்டு கைச்சாடை தெரியும்: சாப்பிடு, படு, குளி, வேண்டாம், வாப்பா வருகிறார். வாப்பாவுக்கு அதிலும் பாதிதான். மர்ளியாவுக்கும் அவளுக்கும் இடையில் மட்டும் நூறு, நூற்றைம்பது இருந்தன. இரண்டே பேர் பேசுகிற பேச்சு. இரண்டாயிரத்து ஆறில் மர்ளியாவுக்குக் கல்யாணமாகித் தில்லையடிக்குப் போனபோது அந்தப் பேச்சில் பாதி போய்விட்டது. மீதிப் பாதியை வைத்துக்கொண்டு றிஸ்மினா என்ன செய்வாள்? மூன்று வருடம் அவள் தைத்தாள், சமைத்தாள், பேசவில்லை. தங்கச்சியைப் பார்க்க மர்ளியா வரும் நாட்களில் றிஸ்மினாவின் கைகள் ஒன்றை ஒன்று முந்திக்கொண்டு ஓடும். ராத்தா திரும்பிப் போகும்போது பஸ் நிறுத்தம் வரைக்கும் வந்து, அவள் பஸ் ஏறிய பிறகும் யன்னல் வழியே பேசிக்கொண்டே நடப்பாள்.

தில்லையடியில் மர்ளியாவின் ஒழுங்கைக்கு எதிரே, பெருந்தெருவைப் பார்த்தபடி, ரம்ஸியா என்ற பெண் ஒரு தையற்கூடம் தொடங்கியிருந்தார். புத்தளத்தில் தலைமுறை தலைமுறையாக இருக்கும் குடும்பம். ஆறு மெஷின்கள். பள்ளிக்கூடச் சீருடையும் அபாயாவும் தைத்தார்கள். மர்ளியா தங்கச்சி தைத்த சட்டையொன்றைக் கொண்டுபோய்க் காட்டினாள். ரம்ஸியா சட்டையில் கை பொருத்திய இடத்தை உள்பக்கம் திருப்பிப் பார்த்தார்.

"இது யார் தெச்ச?"

"எண்ட தங்கச்சி, ராத்தா. ஆனா அவவுக்குக் காது கேக்காது. பேச்சும் இல்ல."

"நான் தைக்கத்தானே ஆள் தேடுறன்? நாளைக்கே கூட்டி வாங்க."

றிஸ்மினா ராத்தாவின் வீட்டிலேயே தங்கி வேலைக்குப் போகத் தொடங்கினாள். அப்படி ஒருத்தி வேலைக்குச் சேர்ந்த செய்தி பரவியதும், அடுத்த இரண்டு வருடத்துக்குள் இன்னும் இருவர் வந்தார்கள். ஒருத்தி அஸ்மியா. கற்பிட்டி மீன்பிடிக் குடும்பத்துப் பெண், கைக்குழந்தைக்காரி. மற்றவள் டெனிஷா. சிலாபத்துக் கத்தோலிக்கக் குடும்பம், வீட்டில் பாதி சிங்களம் பாதி தமிழ். மூவருக்கும் காது கேளாது. மூவரும் அவரவர் வீட்டில் அவரவர் கைச்சாடையோடு வளர்ந்தவர்கள். ஒருத்தியின் சாடை மற்றவளுக்குப் புரியாது.

முதல் வாரம் தேத்தண்ணியிலேயே சண்டை. றிஸ்மினாவுக்குத் தேத்தண்ணி என்றால் கோப்பையின் மேல் ஊதுவது. அஸ்மியாவுக்கு ஒரு கையை உயர்த்தி மறு கையைத் தாழ்த்தி ஆற்றுவது. டெனிஷா உள்ளங்கையில் சீனியை வைத்து நக்குவதுபோல் காட்டுவாள். அவர்கள் வீட்டில் வெறுந்தேத்தண்ணியை அப்படித்தான் குடிப்பார்கள். டெனிஷா நக்கிக் காட்டியபோது அஸ்மியா உப்பு என்று நினைத்து உப்புப் போத்தலைக் கொண்டுவந்து நீட்டினாள். ரம்ஸியா சிரித்துச் சிரித்துக் கதிரையில் சாய்ந்துவிட்டார்.

ஒரு வருடத்துக்குள் மூவரும் ஆற்றுவதைத்தான் செய்தார்கள். அதுவும் அஸ்மியா செய்தது போல் இல்லை. கைகள் அவ்வளவு உயரவில்லை. இன்னும் ஒரு வருடத்தில் அது மணிக்கட்டில் ஒரு சிறு வெட்டாகத் தேய்ந்துவிட்டது. வெளியாள் பார்த்தால் அதில் தேத்தண்ணி இருப்பது தெரியாது. இதுதான் சொல், இப்படித்தான் செய்ய வேண்டும் என்று யாரும் கூடிப் பேசித் தீர்மானிக்கவில்லை. வேலை அவசரத்தில் கை குறுகியது, மற்றவளுக்குப் புரிந்தது, அது அப்படியே நின்றது.

பிறகு தையலே அவர்களுக்குச் சொற்களைக் கொடுத்தது. நேராக ஓடிய தையலைக் காட்ட முன்கை நெடுக ஒரு விரலை இழுப்பார்கள். கோணிப்போன தையலுக்கு அதே விரல் நெளியும். ஒருநாள் டெனிஷா ஏன் பிந்தி வந்தாள் என்று ஏதோ காரணம் சொல்ல, றிஸ்மினா அவளைக் குறும்பாகப் பார்த்துத் தன் முன்கையில் விரலை நெளித்துக் காட்டினாள். நீ சொல்வது கோணல் தையல். டெனிஷாவுக்கு உடனே புரிந்தது. வெட்கத்தில் முகத்தை மூடிக்கொண்டாள். அன்றிலிருந்து நேர்த்தையல் என்றால் உண்மை, கோணல் தையல் என்றால் பொய். கையால் தொடக்கூடிய ஒன்றை வைத்து, தொட முடியாத ஒன்றைச் சொல்ல அவர்கள் பழகிவிட்டார்கள்.

ஆனால் அந்தப் பேச்சில் ஒரு பெரிய ஓட்டை இருந்தது. ஆரம்ப வருடங்களில் அது அவர்களை அழவைத்தது.

ஒரு காலை டெனிஷா வந்து இப்படிச் சொன்னாள்: ரம்ஸியா, அஸ்மியா, ஏசல். ரம்ஸியாவுக்கு அவர்கள் வைத்த பெயர் மூக்கின் மேல் கண்ணாடியைத் தள்ளிவிடுவது. அஸ்மியாவின் பெயர் காதில் இருக்கும் வளையம். ஏசலுக்கு வாயருகே விரல்கள் படபடவென்று அடிக்கும். டெனிஷா சொல்ல நினைத்தது, முதல் நாள் அஸ்மியா போன பிறகு ஒரு பள்ளிக்கூட அதிபர் வந்து, சீருடை பிந்தியதற்காக ரம்ஸியாவையும் அஸ்மியாவையும் ஏசினார் என்று. றிஸ்மினா விளங்கிக்கொண்டது, அஸ்மியா ரம்ஸியாவை ஏசினாள் என்று. அஸ்மியா விளங்கிக்கொண்டது, தான் இல்லாத இடத்தில் ரம்ஸியா தன்னை ஏசியிருக்கிறார் என்று. இரண்டு நாள் அஸ்மியா யார் முகத்தையும் பார்க்காமல் அழுதுகொண்டே தைத்தாள். மர்ளியா வந்து ஒவ்வொருவராக இழுத்து வைத்துக் கேட்ட பிறகுதான் முடிச்சு அவிழ்ந்தது. பெயர்கள் இருந்தன, வினைகள் இருந்தன. யார் யாருக்குச் செய்தார் என்று சொல்ல மட்டும் வழி இல்லை.

அந்த வழியைக் கண்டுபிடித்தவள் அஸ்மியாவின் மகள் ஃபஸ்னா.

ஃபஸ்னாவும் காது கேளாதவள். கைக்குழந்தையாகத் தையற்கூடத்துக்கு வந்து, துணிப் பொதிகளின் மேல் தூங்கி, மூன்று பெண்களின் கைகளையும் பார்த்து வளர்ந்தவள். பெரியவர்களுக்கு அந்தப் பேச்சு பாதி வயதில் கிடைத்தது. அவளுக்கு அது பால்குடிக்கிற வயதிலேயே கிடைத்தது. ஏழு வயதில் ஒருநாள் பள்ளிக்கூடத்திலிருந்து ஓடிவந்து, வழியில் பார்த்ததைச் சொன்னாள். இடப்பக்கம் காற்றில் ஒரு நாயை வைத்தாள். வலப்பக்கம் ஒரு கழுதையை வைத்தாள். நாயை வைத்த இடத்திலிருந்து கடியைக் கிளப்பிக் கழுதையை வைத்த இடத்துக்குக் கொண்டுபோனாள். பிறகு கழுதை இருந்த வெற்றிடத்திலிருந்து ஓர் உதையைக் கிளப்பி நாயின் இடத்துக்கு அனுப்பினாள். நாயென்றும் கழுதையென்றும் இரண்டாம் தடவை சொல்லவே இல்லை. காற்றில் அவை அங்கேயே நின்றன.

பெரியவர்கள் மூவரும் அவளைப் பார்த்தபடி இருந்தார்கள். அஸ்மியா, பிள்ளை அவசரத்தில் எதையோ விட்டுவிட்டாள் என்று நினைத்தாள். றிஸ்மினா மட்டும் மெஷினை நிறுத்திவிட்டு எழுந்து வந்தாள். திரும்பச் சொல்லு என்றாள். ஃபஸ்னா திரும்பச் சொன்னாள். இன்னொரு தடவை என்றாள். மூன்றாம் தடவை, அவள் கை கடந்த பாதையை றிஸ்மினா தன் விரலால் காற்றில் தொடர்ந்து போனாள்.

அன்று வீட்டுக்கு வந்து அவள் மர்ளியாவிடம் சொன்னது: "அந்தப் பிள்ளை என்னைவிட நன்றாகப் பேசுகிறாள். எங்களிடமிருந்து எடுத்துக்கொண்டாள், எங்களிடம் இல்லாததைச் செய்கிறாள்."

"பொறாமையா?" என்று மர்ளியா கையால் கேட்டாள்.

"கொஞ்சம்," என்றாள் றிஸ்மினா. பிறகு கண்ணாடிக்கு முன்னால் போய் நின்று, இடப்பக்கம் உம்மாவையும் வலப்பக்கம் வாப்பாவையும் வைத்து, ஒருவர் மற்றவருக்குச் சோறு கொடுப்பதைச் செய்து பார்க்கத் தொடங்கினாள். முப்பது வயதில் நாக்குப் புரளாத ஒரு சொல்லைப் பழகுவதுபோல்தான் அது. கைகள் பழைய தடத்துக்கே ஓடின. மூன்று மாதத்தில் அவளுக்கு வசப்பட்டது. பிறகு மற்றவர்களும் அதைப் பிடித்துக்கொண்டார்கள்.

இரண்டாயிரத்து இருபத்து மூன்றாம் ஆண்டு, ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணி. றிஸ்மினாவின் மெஷின் தெருப்பக்க யன்னலோரம் இருந்தது. நூல் கோர்க்க நிமிர்ந்தவள் வெளியே பார்த்தாள். உப்பளத்தில் வேலை செய்யும் உசனார் காக்கா சைக்கிளை ஓரமாக நிறுத்தி, பின் கரியரில் சாக்கொன்றைக் கட்டிக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால், அவர் கட்டி முடிக்கட்டும் என்று, நௌஃபர் தன் ஓட்டோவை நிறுத்தியிருந்தான். தையற்கூடத்துக்குத் துணி கொண்டுவருகிற நௌஃபர்தான். அந்த நேரம் எதிர் ஒழுங்கையிலிருந்து ஒரு லொறி பின்பக்கமாக வந்தது. நிற்கவில்லை. ஓட்டோவின் முதுகில் இடித்தது. ஓட்டோ துள்ளி முன்னால் போய் உசனார் காக்காவைச் சைக்கிளோடு தெருவோரத் தண்ணீர்க் கானுக்குள் தள்ளியது. லொறி உடனே முன்னால் நகர்ந்து ஒழுங்கைக்குள் போய் நின்றுகொண்டது.

சத்தம் கேட்டு ஓடிவந்தவர்கள் பார்த்தது, ஓட்டோவின் முன் சில்லுக்கு அடியில் சைக்கிளையும் கானுக்குள் மயங்கிக் கிடந்த உசனாரையும்தான். லொறிச் சாரதி இறங்கி வந்து, "ஓட்டோக்காரன்தான் அடிச்ச, நான் பாத்துக்கொண்டு இருந்தன்," என்றார். உசனாருக்கு முதுகுப் பக்கம் நடந்தது எதுவும் தெரியாது. இடுப்பெலும்பு உடைந்து மூன்று மாதம் படுத்துவிட்டார். பின்னால் ஏதோ இடித்தது என்று நௌஃபர் சொன்னதையும், ஓட்டோவின் பின்பக்கம் புதிதாக நசுங்கியிருந்ததையும் யாரும் பெரிதாக எடுக்கவில்லை. அந்த ஓட்டோவில் நசுங்காத இடம் குறைவு. பொலிஸார் அவன்மேல் வழக்குப் போட்டார்கள்.

நடந்ததை முழுவதும் பார்த்தது றிஸ்மினா ஒருத்திதான். மறுநாளே மர்ளியாவைக் கூட்டிக்கொண்டு பொலிஸுக்குப் போனாள். அங்கிருந்தவர் அவள் கைகளைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, வாய் பேச முடியாத பெண் எதையோ சைகையால் காட்டினார் என்று எழுதி மூடிவிட்டார். மர்ளியா அதை வாசித்துச் சொன்னபோது றிஸ்மினாவின் முகம் சிவந்தது.

"எதையோ?" என்று கேட்டாள். "நான் எதையோ காட்டினேனா? ஒவ்வொன்றாகச் சொன்னேன்!"

அவள் விடவில்லை. நௌஃபரின் சட்டத்தரணியிடம் போனார்கள். அடுத்த வருடம் வழக்கு விசாரணைக்கு வந்தபோது அவளைச் சாட்சியாக அழைத்தார்கள். அன்று ரம்ஸியா தையற்கூடத்தைப் பூட்டினார். அஸ்மியா, டெனிஷா, பதினாறு வயது ஃபஸ்னா எல்லோரும் வந்து நீதிமன்றத்தின் பின் வாங்கில் உட்கார்ந்தார்கள். றிஸ்மினா தானே தைத்த கறுப்பு அபாயாவில் வந்திருந்தாள்.

முதலிலேயே சிக்கல். கொழும்பிலிருந்து அழைக்கப்பட்டிருந்த சைகைமொழி பெயர்ப்பாளர் அவள் முன்னால் நின்று ஏதோ கேட்டார். அவளுக்கு விளங்கவில்லை. அவள் பதில் சொன்னாள். அவருக்கு விளங்கவில்லை. நல்ல மனிதர், மழுப்பாமல் நீதவானிடம் திரும்பினார்.

"அம்மா, எனக்குத் தெரிஞ்ச சைகைமொழி இது இல்ல. ஆனா ஒண்டு சொல்லோணும். இவங்க சும்மா கையை ஆட்டல்ல. இதில ஒரு ஒழுங்கு இருக்கு. எனக்கு அது தெரியாது, அவ்வளவுதான்."

லொறிக்காரர் பக்கம் நின்ற சட்டத்தரணி எழுந்தார். "கனம் நீதவான் அவர்களே, இது மொழியே இல்லை. ஒரு வீட்டுக்குள் பழகிய கைச்சாடை. இதை மொழிபெயர்க்கப்போவது சாட்சியின் கூடப்பிறந்த அக்கா. அவர் என்ன சொன்னாலும் நாம் நம்ப வேண்டியதுதான். இதைச் சாட்சியமாக எடுக்க முடியாது."

நீதவான் ஐம்பது வயதுப் பெண்மணி. கொஞ்ச நேரம் பேனையை மேசையில் தட்டிக்கொண்டிருந்தார். "பேச முடியாத சாட்சி வேறு வழியில் சாட்சி சொல்லச் சட்டத்தில் இடம் இருக்கிறது. அந்த வழி விளங்கக்கூடியதா என்பதுதான் கேள்வி. பார்த்துவிடுவோம்," என்றார்.

அவர் மர்ளியாவை வெளியே அனுப்பினார். பிறகு தன் மேசையிலிருந்த ஒரு கோவை, ஒரு மைப்பெட்டி, ஒரு தண்ணீர்க் கோப்பை மூன்றையும் றிஸ்மினா பார்க்கும்படி எழுதுவினைஞரின் மேசையில் வைக்கச் சொன்னார். எழுதுவினைஞர் நீதவான் சொன்னபடி கோப்பையால் கோவையைத் தள்ளினார். கோவை போய் மைப்பெட்டியில் முட்டியது. பிறகு மூன்றையும் பழைய இடத்தில் வைத்துவிட்டு மர்ளியாவை உள்ளே அழைத்தார்கள். றிஸ்மினாவின் கைகள் நான்கைந்து நொடிதான் அசைந்தன.

மர்ளியா சொன்னாள்: "கோப்பை ஃபைலத் தள்ளிச்சி. ஃபைல் போய் அந்த மைப்பெட்டியில முட்டிச்சி. மைப்பெட்டி ஒண்டையும் தள்ளல்ல எண்டும் சொல்றா."

நீதிமன்றத்தில் ஒரு சலசலப்பு. சட்டத்தரணி விடவில்லை. "அக்கா தங்கச்சி ஒன்றாக வளர்ந்தவர்கள். அவர்களுக்குள் ஏதாவது குறிப்பு இருக்கலாம்."

"அப்படியென்றால் உறவில்லாத ஒருவர்," என்றார் நீதவான். "இந்தப் பேச்சு வேறு யாருக்குத் தெரியும்?"

பின் வாங்கில் இருந்த நால்வரில் ரம்ஸியா ஃபஸ்னாவின் தோளைத் தட்டினார். அவள் எழுந்து நின்றாள். அவளை வெளியே கொண்டுபோய் நிறுத்திக் கதவைச் சாத்தினார்கள். இந்தத் தடவை என்ன செய்வது என்பதை நீதவான் சட்டத்தரணியிடமே விட்டார்.

அவர் கெட்டிக்காரர். கொஞ்சம் யோசித்தார். தன் சட்டைப்பையிலிருந்து பேனையை எடுத்தார். பேனையைக் கோப்பையை நோக்கி வேகமாகக் கொண்டுபோனார். இதோ முட்டப்போகிறது என்ற கணத்தில் நிறுத்தினார். முட்டவில்லை. பேனையைத் திருப்பி எடுத்து, மைப்பெட்டியை மெதுவாக ஒரு தட்டுத் தட்டினார். பேனையை மேசையில் வைத்துவிட்டு உட்கார்ந்தார். நடக்காத ஒன்றைக் கையால் எப்படிக் காட்டப்போகிறாள் என்பதுதான் அவருடைய எண்ணம்.

ஃபஸ்னா உள்ளே வந்தாள். மர்ளியாவைச் சுவரைப் பார்த்து நிற்க வைத்திருந்தார்கள். றிஸ்மினா ஃபஸ்னாவைப் பார்த்தாள். ஒரு தடவை மூச்சை இழுத்துவிட்டாள். வலப்பக்கம் ஒன்று வைத்தாள், இடப்பக்கம் ஒன்று வைத்தாள், நடுவில் ஒன்று வைத்தாள். கை ஓடியது, ஓரிடத்தில் மணிக்கட்டு மடங்கித் தெறித்து விலகியது, வேறு இடத்துக்குப் போயிற்று. கடைசியில் விரல் நுனியால் ஒரு மெல்லிய தட்டு. அவ்வளவுதான்.

ஃபஸ்னா மேசைக்கு வந்தாள். பேனையை எடுத்தாள். கோப்பையை நோக்கி விர்ரென்று கொண்டுபோனாள். ஒரு நெல்மணி அளவு இடைவெளியில் நிறுத்தினாள். எல்லோரும் பார்க்கட்டும் என்று அப்படியே கொஞ்ச நேரம் வைத்திருந்தாள். பிறகு பேனையைத் திருப்பி, மைப்பெட்டியை மெதுவாக, மிக மெதுவாக, ஒரு தட்டுத் தட்டினாள். பேனையை மேசையில் வைத்துவிட்டுச் சட்டத்தரணியைப் பார்த்துச் சிரித்தாள்.

பின்னாலிருந்து யாரோ "மாஷா அல்லாஹ்" என்றார்கள். அமைதி காக்கும்படி சொல்ல வேண்டிய நீதிமன்ற ஊழியரும் மறந்து நின்றார். கொழும்பிலிருந்து வந்த பெயர்ப்பாளர் இரண்டு கைகளையும் உயர்த்தி விரல்களை ஆட்டினார். அது அவருடைய மொழியில் கைதட்டல். றிஸ்மினாவுக்கு அது தெரியாத சொல், ஆனாலும் விளங்கியது.

சட்டத்தரணி எழுந்து, "எனது ஆட்சேபனையை மீளப் பெறுகிறேன், அம்மா," என்றார். உட்காரும்போது றிஸ்மினாவைப் பார்த்துத் தலையைக் கொஞ்சம் குனிந்தார்.

எழுதுவினைஞர் சாட்சியின் விவரங்களை எழுதத் தொடங்கினார். பெயர், வயது, முகவரி. பிறகு நிமிர்ந்தார். "சாட்சி சொல்கிற மொழி?"

மர்ளியா அதைக் கையால் கேட்டாள். எல்லாவற்றுக்கும் அவர்களிடம் பெயர் இருந்தது, இதற்கு மட்டும் இல்லை. வீட்டுக்குப் பேச்சு, கூடத்துக்குப் பேச்சு, பெயர் எதற்கு? அவள் பின் வாங்கைத் திரும்பிப் பார்த்தாள். அஸ்மியா ஏதோ சொன்னாள். டெனிஷா அதை மறுத்து வேறொன்று சொன்னாள். ஃபஸ்னா இடையில் புகுந்தாள். நீதவான் தடுக்காமல் காத்திருந்தார். கடைசியில் றிஸ்மினா நீதவானைப் பார்த்து, தன் நெஞ்சிலிருந்து பின் வாங்கு வரைக்கும் ஒரு வளைவு போட்டு, திறந்த உள்ளங்கைகளைக் காட்டினாள்.

"எங்கட கை," என்றாள் மர்ளியா. "அப்பிடித்தான் சொல்றா. மொழிட பேர் எங்கட கை."

எழுதுவினைஞர் நீதவானைப் பார்த்தார்.

"சாட்சி சொன்னபடியே எழுதுங்கள்," என்றார் நீதவான்.

பிறகு உறுதிமொழி. றிஸ்மினா ஒரு விரலை மேலே உயர்த்தி அல்லாஹ்வைச் சாட்சியாக வைத்து, தன் முன்கை நெடுக அந்த விரலை நேராக இழுத்தாள். ஒரு இம்மி கூட நெளியாமல் இழுத்தாள். பிறகு அந்தச் செவ்வாய்க்கிழமையைச் சொன்னாள். லொறியை வைத்தாள், ஓட்டோவை வைத்தாள், சைக்கிளோடு உசனார் காக்காவை வைத்தாள். எது நின்றது, எது வந்தது, எது எதை இடித்தது, எது தானாக நகரவில்லை, இடித்தது எங்கே போய் ஒளிந்தது எல்லாம் காற்றில் நடந்தன. மர்ளியாவின் குரல் அதைத் தொடர்ந்து போனது. ஓரிடத்தில் மர்ளியா, "ஓட்டோ அடிச்சிச்சி," என்று சொல்லிவிட்டு நிறுத்தி, தங்கச்சி மணிக்கட்டை உதறிக் காட்டியதைப் பார்த்துத் திருத்தினாள்: "இல்ல, ஓட்டோவ அடிச்சி அது போய்ப் பட்டுச்சி. மன்னிக்கோணும், அவ சரியாத்தான் சொன்ன, நான்தான் பிழையாச் சொல்லிட்டன்." எழுதுவினைஞர் அதையும் எழுதினார்.

நௌஃபர் விடுதலையானான். லொறிச் சாரதி மீது புதிதாக வழக்குப் பதியப்பட்டு, அவர் குற்றத்தை ஒப்புக்கொண்டார். உசனார் காக்கா ஒரு ஊன்றுகோலோடு தையற்கூடத்துக்கு வந்து, வாசலில் நின்று, என்ன சொல்வதென்று தெரியாமல் இரண்டு கைகளையும் நெஞ்சில் வைத்தார். பொலிஸில் எதையோ காட்டினார் என்று எழுதியவரை ஒருநாள் சந்தையில் கண்டபோது றிஸ்மினா அவர் முன்னால் நின்று, முன்கையில் விரலை நேராக இழுத்துக் காட்டிவிட்டுப் போனாள். அவருக்கு அது என்னவென்று விளங்கியிருக்காது. அவளுக்கு அது போதுமாக இருந்தது.

செய்தி பரவி, அதற்கு அடுத்த வருடம் ஒரு பல்கலைக்கழகத்திலிருந்து இரண்டு பேர் கமெராவோடு வந்தார்கள். மொழிகளைப் பற்றிப் படிக்கிறவர்கள். பத்து நாள் தங்கினார்கள். அதற்குள் அந்தப் பேச்சைப் பேசுகிறவர்கள் பதின்மூன்று பேராகியிருந்தார்கள். மதுரங்குளியிலிருந்து புதிதாக வந்த காது கேளாத இரண்டு பேர், கூடத்தில் காது கேட்கிற தையல்காரிகள் மூவர், மர்ளியாவின் இரண்டு பிள்ளைகள் எல்லோரும் அதில் அடக்கம். வந்தவர்கள் ஃபஸ்னாவிடம் ஒரு கதையைச் சொல்லவைத்துப் படம் பிடித்தார்கள், பிறகு அதே கதையை றிஸ்மினாவிடமும் சொல்லவைத்துப் படம் பிடித்தார்கள். பக்கத்தில் பக்கத்தில் போட்டுப் பார்த்து, மெதுவாக ஓட்டிப் பார்த்து, தங்களுக்குள் பரபரப்பாகக் கதைத்தார்கள்.

அவர்களில் மூத்த பெண் கடைசி நாள் மர்ளியா மூலம் சொன்னார்: "மனிதர்கள் முதன்முதலில் எப்படிப் பேசத் தொடங்கினார்கள் என்பது யாருக்கும் தெரியாது. பார்த்தவர்கள் யாரும் இல்லை. ஆனால் பேச்சே இல்லாத இடத்தில் ஒரு பேச்சு எப்படி முளைக்கும் என்பதை இங்கே பார்க்க முடிகிறது. உங்களைப் போல் மிகச் சிலருக்குத்தான் அது நடந்திருக்கிறது."

றிஸ்மினா அதைக் கவனமாகப் பார்த்தாள். மர்ளியாவிடம் திரும்பச் சொல்லச் சொல்லி இரண்டாம் தடவையும் பார்த்தாள். பிறகு மடியிலிருந்த துணியின் ஓரத்தைத் தடவினாள்.

"ஒரே ஒரு கேள்வி," என்றார் அந்தப் பெண். "இந்த மொழியை உங்களுக்கு யார் சொல்லித் தந்தது?"

றிஸ்மினா எழுந்து நின்றாள். மர்ளியாவைக் காட்டினாள். அஸ்மியாவையும் டெனிஷாவையும் காட்டினாள். ஃபஸ்னாவைக் காட்டி, இவள் எங்களைத் திருத்தினாள் என்றாள். பிறகு தலையை அசைத்து, அந்தக் கேள்வியே பிழை என்பதுபோல் சிரித்து, கமெராவை நேராகப் பார்த்துச் சொன்னாள்.

"ஒருத்தரும் தரல்ல எண்டு சொல்றா," என்றாள் மர்ளியா. "நாங்கதான் செஞ்ச எண்டு சொல்றா."